கேமராவுக்கு முந்தைய மாடு

பொது அறிவு நூல்களுக்கு மெய்ப்புப் பார்ப்பவர்களுக்கு எழுத்துப் பிழையைவிடப் பட விளக்கம்தான் பெரிய தலைவலி. ஒருமுறை ஆரோக்ஸ் பற்றிய கட்டுரை என் மேசைக்கு வந்தது. வீட்டு மாடுகளின் மூதாதையான இந்தக் காட்டு மாட்டின் கடைசிப் பசு 1627-இல் போலந்தின் யாக்டோருவ் காட்டில் இறந்தது. ஆனால் கட்டுரையோடு இருந்ததோ தாடியும் உயர்ந்த தோளுமாக நிற்கும் ஒரு விலங்கின் வண்ணப் புகைப்படம்! கேமரா வருவதற்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே போய்ச் சேர்ந்த மாட்டை யார் படம் எடுத்தார்கள்? அது போலந்து-பெலாரஸ் எல்லையிலுள்ள பியாவோவியேஜா காட்டில் இன்றும் மேயும் ஐரோப்பிய பைசன்.

கட்டுரையாளர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. இந்தக் குழப்பம் அவரைவிடப் பல நூற்றாண்டுகள் மூத்தது. மாஸ்கோவுக்குத் தூது போன ஹெர்பர்ஸ்டைன் 16-ஆம் நூற்றாண்டிலேயே தம் நூலில் இரண்டு விலங்குகளுக்கும் தனித்தனிப் படம் போட்டார். ஒரு படத்தில் மாடே பேசுகிறது: நான் ஊருஸ், போலந்துக்காரருக்குத் தூர், ஜெர்மானியருக்கு ஆரோக்ஸ், விவரம் அறியாதவர்கள் என்னை பைசன் என்றுவிட்டார்கள். அடுத்த படத்தில் பைசன் அதே புகாரைத் திருப்பிச் சொல்கிறது. சொல்லி என்ன பயன்? ஆரோக்ஸ் அழிந்த பிறகு அதன் பெயரையே பைசனுக்குச் சூட்டி அழைத்தார்கள். நீலகிரியில் கண்ணெதிரே நிற்கும் காட்டு மாட்டை (கவுர்) காட்டெருமை என்கிற நாம் அவர்களைப் பார்த்துச் சிரிக்க முடியாது.

யாக்டோருவில் அரசனின் ஆட்கள் எண்ணிப் பார்த்தபோது, 1564-இல் 38 மாடுகள் இருந்தன. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நான்கே நான்கு. கடைசிக் காளை 1620-இல் இறந்தது. அதன் கொம்பு இன்று ஸ்டாக்ஹோமில், அரச படைக்கலக் காட்சியகத்தில் இருக்கிறது.

அறிவியல் பெயரிலும் சிக்கல்தான். வீட்டு மாட்டுக்கு இயற்கையியலாளர் லின்னேயஸ் 1758-இல் போஸ் டாரஸ் என்று பெயரிட்டார். அதன் மூதாதைக்கு போஸ் பிரைமிஜீனியஸ் என்ற பெயர் 1827-இல்தான், அதாவது கடைசிப் பசு இறந்து சரியாக இருநூறு ஆண்டுகள் கழித்துத்தான், விலங்கியலாளர் போஜானஸிடமிருந்து கிடைத்தது. இரண்டும் ஒரே இனம் என்று கொண்டால், முந்திய பெயருக்கே முதலிடம் என்ற விதிப்படி மூதாதை தன் பெயரை இழக்க வேண்டியதுதான். அப்படி ஆகாமல் 2003-இல் பன்னாட்டு விலங்குப் பெயரிடல் ஆணையம் காப்பாற்றியது. இதனால் காட்டு மாட்டுக்கு ஒரு பெயர், தொழுவத்து மாட்டுக்கு இன்னொன்று என்று நாங்களும் தயங்காமல் அச்சிடுகிறோம்.

புகைப்படத்தை நீக்கி ஹெர்பர்ஸ்டைனின் படத்தைப் போட்டோம். நம் திமில் மாடுகளின் மூதாதையான இந்திய ஆரோக்ஸுக்கு நர்மதை ஆற்றின் பெயரால் போஸ் நமாடிகஸ் என்று புதைபடிவ ஆய்வாளர் ஃபால்கனர் பெயர் வைத்திருக்கிறார். கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கம்பீரம், வீரம் என்று அடுக்கியிருந்த பத்தியை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் நர்மதை மாட்டைப் பற்றி எழுதித் தரும்படி கட்டுரையாளருக்குத் திருப்பி அனுப்பினேன்.