சங்கிலி இல்லாத சுவர்

தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் பிப்ரவரி 9 அன்று கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்பு தினம் கடைப்பிடிக்கப்படுகிறது. அதையொட்டி எங்கள் ஊர்ச் சுவரொன்றில் ஓவியம் வரைந்து தரும்படி நண்பர்கள் கேட்டபோது, என் கை முதலில் போட்டது அறுந்த சங்கிலியும் பறக்கும் புறாவும்தான். வரைந்து முடித்ததும் எனக்கே சலிப்புத் தட்டியது.

அந்தச் சங்கிலி பழையது. இங்கிலாந்தில் ஜோசையா வெட்ஜ்வுட்டின் மட்பாண்டத் தொழிற்கூடம் 1787இல் ஒரு சிறு பதக்கத்தைச் செய்தது. விலங்கிட்ட கைகளைக் கூப்பி மண்டியிட்டிருக்கும் ஆப்பிரிக்கர் ஒருவர், அவரைச் சுற்றி ‘நான் மனிதன் அல்லவா, சகோதரன் அல்லவா?’ என்ற கேள்வி. சீமாட்டிகள் அதைக் கைவளையிலும் கொண்டை ஊசியிலும் பதித்து அணிந்தார்கள். அடிமை வணிகத்துக்கு எதிரான எண்ணத்தைப் பரப்பியதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. இருந்தும், விடுதலை என்பது யாரோ மனமிரங்கிப் போடும் பிச்சை என்பதுபோல் அவர் மண்டியிட்டே இருப்பது என்னை உறுத்துகிறது.

கொல்கத்தாவைச் சேர்ந்த லீனா கேஜ்ரிவால் 2014இல் தொடங்கிய ‘மிஸ்ஸிங்’ கலைத்திட்டம் வேறு வழியில் போகிறது. பாலியல் தொழிலுக்காகக் கடத்தப்படும் சிறுமிகளைப் பற்றியது அது. முகமே இல்லாத ஒரு சிறுமியின் கறுப்பு நிழலுருவம், அவள் அளவுக்கு வானத்தையே கத்தரித்து எடுத்துவிட்டாற்போல் திறந்தவெளியில் நிற்கிறது. கண்ணீரும் இல்லை, விலங்கும் இல்லை. அவள் அங்கே இல்லை என்பது மட்டுமே தெரிகிறது.

செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும்கூட எவர் காலிலும் சங்கிலி கிடையாது. திருமணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ வாங்கிய முன்பணமும், எவ்வளவு உழைத்தாலும் குறையாத கணக்கும்தான் குடும்பத்தையே அங்கே கட்டிப்போடுகின்றன. 2021 நிலவரப்படி உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேர் நவீன அடிமைத்தனத்தில் இருந்ததாகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் அதன் கூட்டாளிகளும் மதிப்பிட்டார்கள். கட்டாயத் திருமணத்தில் சிக்கியவர்களும் இதில் அடக்கம். சங்கிலியைத் தேடிப் பழகிய கண்ணுக்கு இவர்களில் பெரும்பாலோர் தென்படவே மாட்டார்கள்.

ஆகவே புறாவையும் சங்கிலியையும் சுண்ணாம்படித்து மறைத்துவிட்டு, ஓர் ஆள் உயரத்துக்குக் கணக்கு நோட்டின் பக்கமொன்றை வரைந்தேன்: நீலக் கோடுகள், எண்ணெய்க் கறை, ஓரம் மடங்கிய மூலை, ‘பற்று’ என்ற சொல்லுக்குக் கீழே தொகைகள். அந்தப் பக்கம் பாதியில் கிழிந்திருப்பதுபோல் முடிக்கத்தான் நினைத்திருந்தேன். முன்பு சூளையில் வேலை பார்த்து விடுதலைச் சான்று பெற்ற அக்கா ஒருவர் வந்து நின்று பார்த்தார்.

“கிழிக்காதீங்க தம்பி. கிழிச்சா வேற நோட்டுல எழுதிக்குவாங்க. குறுக்கால கோடு போட்டு அடிச்சு விடுங்க.”

1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் சொல்வதும் ஏறக்குறைய அதைத்தான்: கொத்தடிமைக் கடனைத் திருப்பித் தரும் பொறுப்பே அற்றுப்போகிறது. தூரிகையில் சிவப்பைத் தோய்த்து அவரிடமே கொடுத்தேன். மேல் மூலை எட்டாததால் பெயின்ட் வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் ஏறி நின்று கோட்டை இழுத்தார்.