கொடிநாள் நிதியும் டிஸ்சார்ஜ் புக்கில் உள்ள பெயரும்

டிசம்பர் 7 அன்று சென்னைப் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் உண்டியலோடு வரும் சின்னக் கொடியைப் பார்த்திருப்பீர்கள். சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம்: தரைப்படை, கடற்படை, விமானப்படை. 1949 ஆகஸ்ட் 28 அன்று பாதுகாப்பு அமைச்சரின் கீழ் அமைந்த குழு தொடங்கிவைத்த வழக்கம் இது. போரில் உயிரிழந்தோர் குடும்பத்துக்கும் ஊனமுற்றோருக்கும் தனித்தனியாக இருந்த நிதிகளை 1993இல் இந்தக் கொடிநாள் நிதியோடு சேர்த்தார்கள். முன்னாள் படைவீரர் நலனுக்கான மத்திய அமைப்பான கேந்திரிய சைனிக் போர்டு நிர்வகிக்கிறது.

இந்தப் பணம் மிகவும் தேவைப்படுவது பென்ஷன் இல்லாதவர்களுக்கு. சிப்பாய்க்கு சர்வீஸ் பென்ஷன் கிடைக்க 15 வருடம் வேண்டும். அதற்குள் வெளியே வந்தவர் வயதான காலத்தில் வெறுங்கையோடு நிற்கிறார். ஹவில்தார் வரையிலான பதவியில் இருந்து, 65 வயதைத் தாண்டிய அப்படிப்பட்டவருக்கும், அப்படிப்பட்டவர் இறந்திருந்தால் அவர் மனைவிக்கும்தான் இந்த நிதியிலிருந்து வறுமை உதவித்தொகை. மாதம் 4,000 ரூபாயாக இருந்தது, 2025 நவம்பர் 1 முதல் வரும் விண்ணப்பங்களுக்கு 8,000. இந்த உயர்வு எப்போதோ வந்திருக்க வேண்டும். சைனிக் போர்டு இணையதளத்தில் விண்ணப்பித்தால், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் சரிபார்த்துப் பரிந்துரைக்கும். வருடா வருடம் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும்.

பல்லாவரத்திலோ ஆவடியிலோ இருக்கும் தாத்தாவின் விண்ணப்பம் தடுக்குவது பெரும்பாலும் பெயரில். நமக்கு இருப்பது இனிஷியல், குடும்பப்பெயர் கிடையாது. படையிலிருந்து வெளியே வரும்போது தரும் டிஸ்சார்ஜ் புக்கில் 'முருகன் கே' என்றிருக்கும், ஆதாரில் 'கந்தசாமி முருகன்' என்று விரிந்திருக்கும். பேங்க் பாஸ்புக்கில் மூன்றாவதாக ஒரு எழுத்துக்கூட்டல். கம்ப்யூட்டருக்கு மூவரும் வேறு வேறு ஆட்கள். விண்ணப்பிக்கும் முன்பே, எல்லாம் ஒருவரே என்று நோட்டரி பிரமாணப் பத்திரம் வாங்கி, மாவட்ட அலுவலகம் வழியாக, அவருடைய சர்வீஸ் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதுங்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், சிக்னல்ஸ் (தகவல்தொடர்புப் பிரிவு) ஜபல்பூர், ஆர்ட்டிலரி (பீரங்கிப் படை) நாசிக்.

இதைவிடக் கொடுமையானது மனைவி பெயர் விட்டுப்போவது. கல்யாணம் பார்ட் டூ ஆர்டரில் (குடும்ப விவரங்களைப் படைப் பதிவில் ஏற்றும் ஆணை) ஏறாமல் போயிருந்தால், கணவர் இறந்த பிறகு அந்த அம்மா 'நான்தான் மனைவி' என்று நிரூபிக்க அலைய வேண்டும். அவர் உயிரோடு இருக்கும்போதே, இருவரும் சேர்ந்த போட்டோ, திருமண ஆதாரம், ஆதார் வைத்துப் பதிவைச் சரிசெய்துவிடுங்கள்.

டிஸ்சார்ஜ் புக்கே தொலைந்துவிட்டதா? ரெக்கார்டு ஆபீசில் கேட்கப் படை எண் வேண்டும். வீட்டில் பழைய பதக்கம் இருந்தால் அதன் விளிம்பைப் பாருங்கள். எண்ணும் பெயரும் அங்கே பொறித்திருக்கும்.