மில்ன் குடும்பத்துக் கடற்படைத் தாள்களை வாசிக்கும் முறை

அப்பா, மகன், பேரன் என மூன்று தலைமுறையும் பிரிட்டிஷ் கடற்படையில் அட்மிரல்களாக இருந்த குடும்பம் மில்ன் குடும்பம். டேவிட் மில்ன் (1763–1845), அலெக்சாண்டர் மில்ன் (1806–1896), ஆர்ச்சிபால்ட் பெர்க்லி மில்ன் (1855–1938). இவர்களுடைய தாள்கள் லண்டன் கிரீனிச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தின் கேர்ட் நூலகத்தில் ‘எம்எல்என்’ என்ற குறியீட்டில் இருக்கின்றன. ஆனால் குடும்பத்தின் கடிதக்கட்டுகளில் இருப்பது பாதிப் பேச்சுதான். வீட்டுக்கு வந்த கடிதம் வீட்டிலும், வீட்டிலிருந்து போன கடிதம் பெற்றவரிடமும் தங்கிவிடும். மறுபாதியில் பெரும்பங்கு லண்டன் கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக்காப்பகத்தில் கிடக்கிறது. இரண்டையும் சேர்த்து வாசிக்காமல் எழுதப்படும் வரலாறு பெரும்பாலும் அந்த அட்மிரலின் தரப்பு வாதமாகவே முடிகிறது.

டேவிட் மில்ன் காலத்துத் தாள்களில் முதலில் இடறவைப்பது தேதி. அன்றைய கப்பல் லாக் புத்தகத்தில், அதாவது கப்பலின் அன்றாடப் பதிவேட்டில், நாள் நண்பகலில் தொடங்கி மறுநாள் நண்பகலில் முடியும். பிற்பகல் முதலில் வரும், முற்பகல் பின்னால் வரும். 1805 அக்டோபரில் அட்மிரால்டி (பிரிட்டிஷ் கடற்படையின் தலைமை நிர்வாகம்) உத்தரவு போட்டு இதை மாற்றும்வரை நடைமுறை இதுதான். மில்ன் தலைமை தாங்கிய ‘சீன்’ கப்பல், கரீபியனில் மோனா நீரிணைக்கு அருகே ‘வெஞ்சான்ஸ்’ என்ற பிரெஞ்சுக் கப்பலை 1800 ஆகஸ்ட் 20 இரவு தாக்கத் தொடங்கி 21 காலையில் பிடித்தது. லாக் முறைப்படி இந்த இரவும் காலையும் ஒரே நாள், 21ஆம் தேதி. ஆகவே லாக்கில் பிற்பகல், இரவுப் பதிவுகளுக்கு ஒரு நாள் கழிக்க வேண்டும். நள்ளிரவுக்குப் பிந்திய பதிவுகளை அப்படியே விடலாம். துறைமுகத்தில் நிற்கும்போது பல கப்பல்கள் சாதாரண நாள்கணக்குக்கு மாறிவிடும், வீட்டுக்கு எழுதும் கடிதங்களிலும் சாதாரணத் தேதிதான். கடிதமும் லாக்கும் ஒரு நாள் முரண்பட்டால் யாரோ பொய் சொன்னதாக முடிவுகட்ட வேண்டாம்.

கியூவில் அட்மிரால்டி ஆவணங்களுக்கு ‘ஏடிஎம்’ என்ற குறியீடு. கேப்டன்களின் லாக் ‘ஏடிஎம் 51’, கப்பலை வழிநடத்தும் மாஸ்டர்களின் லாக் ‘ஏடிஎம் 52’. அட்மிரால்டிக்கு வந்த கடிதங்கள் ‘ஏடிஎம் 1’. அதில் கேப்டன்களின் கடிதங்கள் குடும்பப் பெயரின் முதலெழுத்துப்படி அடுக்கப்பட்டவை, ஆகவே டேவிட்டை ‘எம்’ பெட்டியில் தேட வேண்டும். ஒரு நிலையத்தின், அதாவது ஒரு கடற்பகுதிக்கான படையின், தளபதியாகிவிட்டால் கடிதங்கள் அந்த நிலையத்தின் பெயருக்குப் போய்விடும். வழி தெரியாவிட்டால் 1793 முதல் தொடங்கும் ‘ஏடிஎம் 12’ சுருக்கக் குறிப்பு, அட்டவணைப் பேரேடுகளைப் பிடித்துக்கொள்வது நல்லது.

இந்தத் தொகுப்பின் உயிர் அலெக்சாண்டரின் தாள்களில் இருக்கிறது. 1860 முதல் 1864 வரை வட அமெரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள் நிலையத்தின் தலைமைத் தளபதி அவர். கரையில் அமெரிக்க உள்நாட்டுப் போர். 1861 நவம்பர் 8 அன்று ‘ட்ரெண்ட்’ என்ற பிரிட்டிஷ் தபால் கப்பலை அமெரிக்கப் போர்க்கப்பல் மறித்துத் தென்னக மாநிலங்களின் இரு தூதர்களைக் கைது செய்தது. அப்போது அட்லாண்டிக்கின் குறுக்கே வேலை செய்யும் தந்திக் கம்பி இல்லை. செய்தி லண்டனைச் சேர்ந்தது நவம்பர் 27 அன்று. கடிதங்களை எழுதிய தேதிப்படி அடுக்கி வாசித்தால், லண்டனின் உத்தரவு கைக்கு வரும் முன்பே மில்ன் அதைப் பின்பற்றியதுபோலவோ மீறியதுபோலவோ தோன்றும்.

இதைச் சரிசெய்ய உதவுவது கடிதத்தின் முதுகு. கடிதத்தை நீளவாக்கில் மடித்துக் கட்டுவார்கள்; வெளியே தெரியும் பட்டையில் யார் எழுதியது, என்று எழுதியது, என்று வந்தது, என்று பதில் போனது என்று இரண்டு மூன்று வரியில் குறிப்பார்கள். படமெடுக்க வருபவர்கள் பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது என்று விட்டுவிடும் இடம் இதுதான். முதலில் பெட்டியின் சீட்டு, பிறகு உறையின் எண், பிறகு ஒவ்வொரு தாளின் இருபக்கமும் என்று எடுங்கள். எழுதிய தேதி, வந்த தேதி, அனுப்பியவர், கியூவில் அதற்கு இணையான எண் என நான்கு பத்தியில் ஒரு அட்டவணை போட்டால் பாதி வேலை முடிந்தது.

அட்மிரால்டியின் முதல் பிரபுவாக (அதற்குப் பொறுப்பான அமைச்சராக) இருந்த சாமர்செட் கோமகனுடனும், வாஷிங்டனில் தூதராக இருந்த லயன்ஸ் பிரபுவுடனும் மில்ன் தனிக் கடிதப் போக்குவரத்து வைத்திருந்தார். அலுவல் அறிக்கையில் ஒரு வரியில் முடியும் விஷயம் தனிக் கடிதத்தில் மனந்திறந்து வரும். இரண்டையும் அருகருகே வைத்து வாசிக்காமல் இவர் என்ன நினைத்தார் என்று எழுதத் துணியக் கூடாது. (லயன்ஸும் கடற்படை வீட்டுப் பிள்ளைதான், அவருடைய தந்தை அட்மிரல் எட்மண்ட் லயன்ஸ்.)

அலெக்சாண்டர் காலத்துக் கடிதக்கட்டுகளில் மெல்லிய தாள் நகல்களும் வரும். ஜேம்ஸ் வாட் 1780-இல் காப்புரிமை பெற்ற முறை இது: ஈரமான மென்தாளை மூலக் கடிதத்தின்மேல் வைத்து அழுத்த, மை தலைகீழாகப் பதியும், தாள் மெலிதானதால் மறுபுறத்திலிருந்து நேராக வாசிக்கலாம். பின்னால் ஒரு வெள்ளைத் தாளை வைத்தால் மங்கிய எழுத்து எழும்பி வரும். இரும்பு கலந்த மை காலப்போக்கில் தாளையே அரிக்கும். பழுப்பேறிய வரிகளில் மடிப்பை விரித்தால் எழுத்தோடு தாளும் உதிரும். அப்படிப்பட்ட தாளை நீங்களே பிரிக்காமல் ஊழியரைக் கூப்பிடுங்கள். கையுறை வேண்டாம், கழுவித் துடைத்த கை போதும். கையுறையில் விரல் தொடுவுணர்வு போய்த் தாள் கிழிகிறது. பென்சில் மட்டும்.

பேரனின் தாள்களில் நாள் போய் மணி வந்துவிடுகிறது. 1914 ஆகஸ்டில் மத்தியதரைக் கடல் படைத் தளபதியாக இருந்தவர் ஆர்ச்சிபால்ட். ‘கோபென்’, ‘ப்ரெஸ்லாவ்’ என்ற ஜெர்மன் கப்பல்கள் அவரிடமிருந்து தப்பி ஆகஸ்ட் 10 அன்று துருக்கியின் டார்டனெல்ஸ் நீரிணையை அடைந்தன. இங்கே ஒவ்வொரு தந்திக்கும் அனுப்பிய மணி, கிடைத்த மணி, அது கிரீனிச் நேரமா வேறா என்ற மூன்றும் வேண்டும். ஜெர்மன் பதிவுகள் ஒரு மணி முன்னால் ஓடும். ஆகஸ்ட் 8 அன்று ஆஸ்திரியாவுடன் போர் மூண்டுவிட்டதாக லண்டனிலிருந்து தவறான தந்தி ஒன்று போனது. உண்மையில் போர் அறிவிப்பு வந்தது 12 அன்று. அந்தத் தந்தியால் மில்ன் துரத்தலை விட்டுத் திரும்பினார். 1921-இல் அவர் தன் தரப்பை நூலாக வெளியிட்டார். அதை முதலில் வாசித்துவிட்டுத் தாள்களுக்கு வந்தால் அவருடைய வரிசையே நம் மனத்தில் ஒட்டிக்கொள்ளும். தந்திகளை மணிவாரியாக அடுக்கிய பிறகு நூலைத் திறப்பதே சரி.