தாத்தா தொட்டிலும் ஒரு அரிசி மூட்டையும்

மார்ச் 9, ஞாயிறு

மனைவி பிரசவத்துக்குக் கடலூர் போய்ப் பத்து நாள் ஆகிறது. புதுச்சேரி முத்தியால்பேட்டை வாடகை வீட்டில் நானும், பழைய பேப்பர், உடைந்த மிக்ஸி எல்லாம் அடைத்து வைத்திருந்த பின்னறையும்தான் மிச்சம். காலி பண்ணியாச்சு. குழந்தைக்கென்று தனி அறை என்றதும் அத்தை போனிலேயே சிரித்தார்: "மூணு வயசு வரைக்கும் அது அம்மாவ விட்டு நகராது மாப்பிள்ளை, அறை உங்களுக்கா?"

காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு விளக்கு வாங்கத்தான் போனேன், நடைவண்டியோடு வந்தேன். பெயின்ட் அடிக்காத வெறும் மரம். இன்னும் பிறக்கவே இல்லையே என்று கேட்காதீர்கள், விலை படிந்துவிட்டது.

மார்ச் 14, வெள்ளி

ஊரிலிருந்து தாத்தா தொட்டில் வந்து இறங்கியது. தேக்கு, நாலு பக்கமும் கடைசல் குச்சிகள், கிளியும் யானையும் கோத்த பித்தளைச் சங்கிலி. அப்பா படுத்தது, நானும் படுத்தது. 2011 டிசம்பரில் தானே புயல் கூரை ஓடுகளையெல்லாம் அள்ளிக்கொண்டு போனபோதும் பரணில் அசையாமல் கிடந்ததாம்.

மேலே பச்சை பெயின்ட், கீறினால் நீலம், அதற்கும் அடியில் இன்னொரு பச்சை. ஆசை ஆசையாக உப்புத்தாள் போட்டு ஒரு பக்கம் தேய்த்து முடிக்கும்போது ஆசாரி வந்தார், வாசலிலேயே நின்றுவிட்டார். "காரீயம் இருக்கும் தம்பி, தூசி பறக்கத் தேய்க்காதீங்க." தேடிப் படித்தால் அவர் சொன்னது சரி, காரீயம் குழந்தைக்கு விஷம். வீட்டு பெயின்ட்டில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி இங்கே நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான், இந்த பெயின்ட்டோ என்னைவிட மூத்தது. பல் முளைக்கிற குழந்தை முதலில் கடிக்கப்போவதே அந்தக் குச்சியைத்தான். தரை முழுக்க ஈரத்துணியால் இரண்டு தடவை துடைத்தேன், துணியையும் தூக்கிப் போட்டேன்.

மார்ச் 15, சனி

மனசு கேட்காமல் டேப் வைத்து அளந்தேன். குச்சிக்குக் குச்சி 9 செ.மீ. 6 செ.மீ.க்கு மேல் போனால் குழந்தையின் உடம்பு நழுவித் தலை மாட்டிக்கொள்ளும். ஆக, இது வேலைக்கு ஆகாது. தொட்டில் மறுபடி பரணுக்கு. சங்கிலியை மட்டும் கழற்றி, புதிதாக வாங்கிய வெள்ளை எல்இடி விளக்கைக் கை எட்டாத உயரத்தில் அதில் தொங்கவிட்டேன். போட்டதும் கிளிகளின் நிழல் சுவரில் ஆடியது. கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 23, ஞாயிறு

புதுக் கட்டில் வந்தது, மெத்தை விளிம்போடு இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தது. கடையில் இலவசமாகக் கொடுத்த குட்டித் தலையணைகளை ஹாலுக்கு அனுப்பிவிட்டேன். மூச்சு முட்டும், கட்டிலில் மெத்தையும் விரிப்பும் போதும். அத்தையோ அங்கே தலை உருண்டையாக வரக் கடுகுத் தலையணை தைத்துக்கொண்டிருக்கிறார். அதை நேரில் பார்த்துக்கொள்ளலாம்.

பழைய தேக்கு பீரோவைச் சுவரோடு முடுக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. நடக்கப் பழகும் குழந்தை இழுப்பறையைப் பிடித்து ஏறினால் பீரோ அப்படியே மேலே சாயும், அதனால் விட முடியாது. இது சுண்ணாம்புச் சுவர், துளை போட்டால் மாவாகக் கொட்டுகிறது. நாலாவது துளையில்தான் செங்கல் அகப்பட்டு எல் ஆங்கிள் பிடித்தது. வீட்டுக்காரர் பார்ப்பதற்குள் மற்ற மூன்றையும் அடைக்க வேண்டும்.

ஏப்ரல் 2, புதன்

அவளுக்கு வேண்டியதெல்லாம் தூளி ஒன்றுதானாம், அதுவும் அவள் கண் முன்னால். உத்தரத்தில் பழைய கொக்கி இருந்தது, ஆனால் கடல் காற்றுக்குப் பாதி உதிர்ந்துபோயிருந்தது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் புதிதாக அடித்து, அம்மாவின் பழைய வாயில் புடவையைக் கட்டி, 25 கிலோ அரிசி மூட்டையை உள்ளே வைத்து ஆட்டிப் பார்த்தேன். அரை மணி நேரம், சத்தமே இல்லை. வீடியோ அனுப்பினேன்.

"தூங்கிடுச்சா?" என்று பதில் வந்தது.