இடைக் கணக்கா? முதலில் மொத்தத்தை எழுது

சாதாரண தரக் கணிதத்தில் இடை (சராசரி) பற்றிய வசனக் கணக்குகளில் பிள்ளைகள் புள்ளி இழப்பது பெருக்கத் தெரியாததால் இல்லை. கண்ணில் பட்ட இரண்டு இடைகளையும் உடனே கூட்டவோ கழிக்கவோ தொடங்கிவிடுவார்கள். திருகோணமலை உவர்மலையில் மாலை வகுப்பு விடைத்தாள்களைத் திருத்தும்போது நாங்கள் திரும்பத் திரும்பக் காண்பது இதுதான். ஆகவே ஒரு பழக்கத்தை விடாமல் பழக்குகிறோம்: இடை தந்திருந்தால் அதை எண்ணிக்கையால் பெருக்கி மொத்தமாக எழுது, பிறகு கேள்வியின் மிச்சத்தை வாசி.

8 பெட்டி சூரை மீனின் இடை நிறை 25 கிலோ. இன்னொரு பெட்டி சேர்ந்ததும் இடை 26 கிலோ. புதிய பெட்டியின் நிறை என்ன? முதல் மொத்தம் 8 × 25 = 200. இப்போது பெட்டி 9, ஆகவே 9 × 26 = 234. விடை 34 கிலோ. வழுக்கும் இடம் அந்த 9. பழைய 8 ஆலேயே பெருக்கினால் 208 வரும், விடை 8 கிலோ என்றாகும். 8 கிலோப் பெட்டியைச் சேர்த்து இடை கூட முடியுமா? இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்தாலே பிழை பிடிபடும். சரிபார்க்க இன்னொரு வழி: புதிய பெட்டி தனக்கு 26 வைத்துக்கொண்டு, பழைய எட்டுக்கும் ஒவ்வொரு கிலோ கொடுக்கிறது. 26 + 8 = 34.

இரண்டு வகுப்புகளைச் சேர்க்கும் கணக்கும் இதே கதைதான். 30 பேரின் இடை 62, 20 பேரின் இடை 72 என்றால் பலர் 67 என்று எழுதுவார்கள். 1860 + 1440 = 3300, அதை 50 ஆல் வகுக்க 66. ஆள் கூடிய வகுப்பின் பக்கம் இடை சாய்ந்திருக்க வேண்டும். 67 சரி நடுவில் நிற்பதால் அது பிழை.

ஒருவரின் புள்ளி 83 ஐ 38 என்று மாறி எழுதி இடை கண்ட வகைக் கணக்கில் எல்லாவற்றையும் திரும்பக் கூட்ட வேண்டாம். 20 பேரின் இடை 54 என்றால், விடுபட்ட 45 ஐ 20 ஆல் வகுத்து வரும் 2.25 ஐக் கூட்டினால் போதும்: 56.25.

சராசரி வேகத்தில் மொத்தம் இரண்டு: தூரமும் நேரமும். இங்கிருந்து கந்தளாய்க்கு 40 கி.மீ. என்று கொள்வோம். மணிக்கு 40 இல் போய் 60 இல் திரும்பினால் 80 கி.மீ. ஓட 1 மணி 40 நிமிடம் ஆகும், வேகம் 48. மெதுவாக ஓடிய நேரம் கூட என்பதால் 50 வராது.

மீடிறன் அட்டவணையில் (ஒவ்வொரு வகுப்பாயிடையிலும், அதாவது 10–20 போன்ற வீச்சிலும், எத்தனை தரவுகள் என்று காட்டும் அட்டவணை) எடுகொண்ட இடையை, அதாவது கணக்கை எளிதாக்க உத்தேசமாக எடுக்கும் இடையை, வைத்துச் செய்யும்போது இரண்டு இடங்களைப் பாருங்கள். எடுகொண்ட இடையை விடச் சிறிய நடுப்பெறுமானங்களின் விலகல்களுக்குச் சய (−) அடையாளம் விடுபட்டிருக்கும். கடைசியில் வகுப்பது மீடிறன்களின் கூட்டுத்தொகையால், வகுப்பாயிடைகளின் எண்ணிக்கையால் அல்ல.