குளத்துத் தண்ணீரும் தேதியும்

இங்கிலாந்தில் ஒரு வீட்டுமனைத் திட்டம் வந்தால் உள்ளூர் வைல்ட்லைஃப் டிரஸ்ட் (இயற்கைப் பாதுகாப்புத் தொண்டு அமைப்பு) கருத்துச் சொல்லலாம், தடுக்க முடியாது. முடிவு கவுன்சில் கையில். அவகாசம் வழக்கமாக 21 நாள்தான். அதனால் திட்டத்தோடு வரும் சூழலியல் அறிக்கையைப் புரட்டியதும் கள ஆய்வுத் தேதியைப் பாருங்கள். கொண்டை நியூட் (பார்க்கப் பல்லி, உறவில் தவளை) இருக்கிறதா என்று அறியும் டி.என்.ஏ. சோதனைக்குக் குளத்து நீரை ஏப்ரல் 15 முதல் ஜூன் 30-க்குள் எடுக்க வேண்டும். ஆகஸ்டில் எடுத்துவிட்டு ‘இல்லை’ என்றால் அது செல்லாது.

அடுத்தது 10% பல்லுயிர்க் கூடுதல்: திட்டத்துக்கு முன் இருந்ததைவிட இயற்கையின் மதிப்பு 10% கூட வேண்டும் என்ற விதி. பெரிய திட்டங்களுக்கு 2024 பிப்ரவரியிலிருந்து கட்டாயம். தில்லுமுல்லு பெரும்பாலும் நிலத்தின் ‘தற்போதைய நிலை’யைக் குறிக்கும் இடத்தில்தான். நல்ல புல்வெளியை ‘மோசம்’ என்று குறித்தால் 10% சுளுவாக வந்துவிடும். அறிக்கையில் உள்ள தாவரப் பட்டியலோடு ஒப்பிட்டால் குட்டு வெளிப்படும்.

கவுன்சிலுக்கு எழுதும் கடிதத்தில் புலம்பல் வேண்டாம். பக்க எண், பிழை, கேட்கும் நிபந்தனை போதும்.