வாசிப்பறைக்கு பெர்மிட் வாங்க ஆறு நடை

போன வெள்ளிக்கிழமை மதியம் ஒருவழியா கட்டட அனுமதிக்கு சீல் விழுந்துடுச்சு. ஸ்கூலை ஒட்டின காலி மனையில குழந்தைங்களுக்கு ஒரு வாசிப்பறை, வெறும் தரைத்தளம், எங்க ஆர்க்கிடெக்ட் ஆபீஸ் கையில இருக்கிறதுலயே சின்ன ப்ராஜெக்ட் இதுதான். ஆனா இதுக்கு அலைஞ்ச மாதிரி வேற எதுக்கும் அலைஞ்சதில்ல. மொத்தம் ஆறு நடை, அதுல மூணு நடை சுத்தமா வேஸ்ட், அந்த ஆத்தாமை இன்னும் போகல, அதான் சூடு ஆறுறதுக்குள்ள எழுதிடறேன். சின்னதா ப்ராக்டிஸ் பண்றவங்க யாருக்காவது ஒரு நடை மிச்சமானாலும் சந்தோஷம்.

நான் வாரத்துல நாலு நாள் காலேஜ்ல ஸ்டூடியோ, அதாவது டிசைன் கிளாஸ், எடுக்கிறேன், மீதி நாள் ஆபீஸ். ஆபீஸ்னா நானும் என்கிட்ட படிச்சு முடிச்ச ரெண்டு பேரும், அவ்வளவுதான், தூண், பீம் பலத்தைக் கணக்குப் போடற ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர் வெளியில. பெர்மிட் ஆபீஸ் கவுன்டர் திறக்கிற நேரமும் என் கிளாஸ் நேரமும் ஒண்ணு, அதனால ஒவ்வொரு நடைக்கும் ஒரு கிளாஸை மாத்தி வைக்கணும், இல்லன்னா கூட இருக்கிற டீச்சர்கிட்ட கெஞ்சணும். டிசைன், ஸ்கூல்காரங்க சம்மதம், மண் பரிசோதனை எல்லாம் ஒரு தொல்லையும் இல்லாம முடிஞ்சது. ஹெட்மிஸ்ட்ரஸ் ரெண்டாவது ஸ்கெட்ச்லயே ஓகே சொல்லிட்டாங்க.

முதல் நடையில ஃபைலைக் குடுத்துட்டு வந்தேன். பத்து நாள் கழிச்சு திரும்பி வந்துச்சு, மேல ஒரே ஒரு வரி, "அளவுகள் பொருந்தவில்லை". எந்த ஷீட்டு, எந்த அளவு, ஒண்ணும் கிடையாது. போன் பண்ணினா "திருத்திக் கொண்டு வாங்க மேடம்"னு வச்சுட்டாங்க. ராத்திரி உட்கார்ந்து எல்லா ஷீட்லயும் ஒவ்வொரு டைமென்ஷனா கூட்டிப் பார்த்தோம், சுவர் கனம், ஜன்னல், தூணுக்குத் தூண், எல்லாம் டேலி ஆகுது. ஒரே ஒரு இடத்துல 5 மி.மீ. ரவுண்டிங் தப்பு இருந்துச்சு, இதுதான் போலன்னு அதைத் திருத்தி ரிவிஷன் பின்னு (ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு எழுத்து) போட்டு, அதே கடையில பிரிண்ட் எடுத்து, ரெண்டாவது நடை. ஒரு வாரத்துல அதே ஃபைல், அதே வரி, அதே கையெழுத்து. அன்னைக்கு வந்த கோவம் சொல்லி மாளாது.

மூணாவது நடை குடுக்கப் போகல, கேக்கத்தான் போனேன். எது பொருந்தலைன்னு காட்டுங்க, தெரியாம இங்கேருந்து போக மாட்டேன்னு நின்னுட்டேன். முக்கால் மணி நேரம் கழிச்சு உள்ளேருந்து ஒருத்தர் வந்தார், டிராயரைத் திறந்து ஓரம் தேய்ஞ்ச முக்கோண ஸ்கேல் ஒண்ணை எடுத்து சைட் பிளான்ல பக்கவாட்டு செட்பேக், அதாவது மனை எல்லைக்கும் கட்டடத்துக்கும் நடுவுல விடற இடம், அது மேல வச்சார். நான் 3.00 மீட்டர்னு எழுதியிருக்கேன், அங்க கேக்கிற மினிமமும் அதுதான், 1:100ல, அதாவது நிஜத்தை நூத்துல ஒரு பங்கா வரையறதுல, அது 30 மி.மீ. இருக்கணும். ஸ்கேல்ல 29தான் வருது. "எழுத்துல மூணு, கோட்டுல ரெண்டு தொண்ணூறு, நான் எதை மேடம் நம்பறது?"ன்னார். எனக்கு வாயே எழல. ஃபர்ஸ்ட் இயர் பசங்களுக்கு ஸ்கேலை எப்படிப் பிடிக்கணும்னு வருஷா வருஷம் சொல்லித் தர்றவ நான்.

ஆபீஸ் வந்ததும் முதல் வேலையா ஷீட்டோட பார்டரை அளந்தேன். ஏ1 பேப்பர் 841க்கு 594, நாங்க எல்லாப் பக்கமும் 10 மி.மீ. விட்டு பார்டர் போடுவோம், அப்போ நீளம் 821 வரணும். வந்தது 796. சரியா 97 சதவீதம். பிரிண்ட் கடையில "ஃபிட் டு பேஜ்" டிக் ஆகியிருந்திருக்கு, ப்ளாட்டர் (பெரிய ஷீட் அடிக்கிற பிரிண்டர்) ஓரத்துல விடற மார்ஜினுக்காக மொத்த டிராயிங்கையும் சுருக்கிடுச்சு. கடைக்காரரைக் குத்தம் சொல்ல மாட்டேன், அவர் மெஷின்ல அதுதான் டீஃபால்ட், பார்க்க வேண்டியது நாங்க. "எழுதின அளவே செல்லும், வரைபடத்தில் அளக்க வேண்டாம்"னு எங்க ஷீட்ல நோட் இருக்கு, எல்லாரும் போடறதுதான், ஆனா செக் பண்றவர் கையில ஸ்கேல் இருக்கிறப்போ அந்த நோட் உங்களைக் காப்பாத்தாது. அந்த ஒரு வரியோட "சைட் பிளான், செட்பேக், 29 மி.மீ."ன்னு நாலு வார்த்தை சேர்த்து எழுதியிருந்தா எனக்கு ரெண்டு நடை மிச்சம், இதை அங்கேயே சொல்லிட்டுதான் வந்தேன்.

இப்போ எங்க ஷீட்ல பேர், தலைப்பு எல்லாம் எழுதற டைட்டில் பிளாக்ல புதுசா ஒரு கோடு போட்டிருக்கோம், பக்கத்துல "இந்தக் கோடு 100 மி.மீ. இருக்க வேண்டும்"னு எழுத்து. கடையை விட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடி அதை மட்டும் அளந்தா போதும். கூடவே ஒரு ஸ்கேல் பாரும் (மீட்டர் குறிச்ச பட்டை) வைங்க, ஷீட் சுருங்கினா அதுவும் சேர்ந்து சுருங்கும். வெறும் 1:100னு எழுதாம ஏ1ல 1:100னு பேப்பர் அளவையும் சேர்த்தே எழுதுங்க, ஏன்னா அதே டிராயிங்கை யாராவது ஏ3ல எடுத்தா நீளமும் அகலமும் பாதியாகி அது 1:200 ஆயிடும், தலைப்புல மட்டும் 1:100னு பொய் நிக்கும்.

நாலாவது நடை சரியான பிரிண்ட்டோட. ஃபைலை வாங்கிக்கிட்டாங்க, சைட் இன்ஸ்பெக்‌ஷன் தேதியும் குடுத்தாங்க, இனிமே ஒண்ணும் இல்லன்னுதான் நினைச்சேன்.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர் டேப்பை விரிச்சார், நாலு பக்கத்தையும் தொடவே இல்ல, நேரா மூலைக்கு மூலை பிடிக்கச் சொன்னார். மனை 24க்கு 18, நாலு மூலையும் சரியா செங்கோணமா இருந்தா குறுக்களவு ரெண்டும் 30.00 வரணும், கொத்தனார்கள் கயித்துல பிடிக்கிற அதே மூணு நாலு அஞ்சு கணக்குதான். ஒரு பக்கம் 30.29, இன்னொரு பக்கம் 29.71. எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு.

மனையை அளந்தது என் ஸ்டூடியோ பசங்க. ரூரல் ஸ்டூடியோன்னு 1993ல ஆபர்ன் யுனிவர்சிட்டியில சாமுவேல் மாக்பீயும் டி.கே. ரூத்தும் ஆரம்பிச்சாங்களே, ஸ்டூடண்ட்ஸே டிசைன் பண்ணி கையால கட்டறது, அதை கிளாஸ்ல காட்டினதுலேருந்து "நாங்களும் சைட்டுக்கு வரோம் மேம்"னு ஒரே பிடிவாதம். வந்தாங்க, வெயில்ல நின்னு நாலு பக்கத்தையும் ரெண்டு தடவை அளந்தாங்க, ரெண்டு தடவையும் ஒரே அளவு. ஆனா நாலு பக்கம் மட்டும் தெரிஞ்சா வடிவம் தெரியாது, தீப்பெட்டி மேலட்டையை அமுக்கினா சாயற மாதிரி அதே நாலு பக்கத்தை எவ்வளவு வேணா சாய்க்கலாம், ஒரு குறுக்களவு இருந்தாதான் நிக்கும். அதை எடுக்கச் சொல்ல வேண்டியது நான், சொல்லல. ஆபீஸ்ல செவ்வகமா வரைஞ்சுட்டோம். பசங்க மேல ஒரு தப்பும் இல்ல, இதை அவங்ககிட்டயும் அப்படியே சொன்னேன்.

மனை 18 மீட்டர் ஆழத்துல 36 செ.மீ. சாஞ்சிருக்கு. எங்க கட்டடம் ரோட்டுப் பக்கத்துலேருந்து 3 மீட்டர் விட்டு ஆரம்பிச்சு 15 மீட்டர்ல முடியுது, அதனால பக்கவாட்டு செட்பேக் முன்மூலையில 2.94, பின்மூலையில 2.70. ஸ்கேல்ல 29 காட்டினதுக்கு அவ்வளவு கோவப்பட்டேன், கடைசியில தரையிலயே மூணு இல்ல.

கட்டடத்தை மொத்தமா 30 செ.மீ. உள்ள தள்ளினா இன்னொரு பக்கம் மரத்துல இடிக்குது, அகலத்தைக் குறைச்சா உள்ள ஒரு வரிசை மேஜை போயிடும். ரெண்டு நாள் யோசிச்சு தூண் வரிசையை மட்டும் நேரா 30 செ.மீ. உள்ள கொண்டு வந்துட்டு, வெளிச்சுவரை எல்லைக்கோட்டுக்கு இணையா சாய்ச்சு விட்டோம். இப்போ தூணுக்கும் சுவருக்கும் நடுவுல முன்பக்கம் 24 செ.மீ. இடம், போகப் போகக் குறைஞ்சு பின்பக்கம் ஒண்ணுமில்லாம ஆகுது. அந்த 24ல புத்தகம் முதுகைக் காட்டி நிக்கும், நடுவுல மெலிசு புத்தகங்க, ஆழம் கம்மியாகிற கடைசிப் பகுதியில படப் புத்தகங்களை அட்டை தெரிய சாய்ச்சு வைக்க ஒரு விளிம்பு. இன்னும் எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தைங்க உட்கார்ற மூலையும் அதுதான். ஹெட்மிஸ்ட்ரஸ் மாடலைக் கையில எடுத்து அந்த இடத்துல விரலை விட்டுப் பார்த்தாங்க, அவங்க முகத்தைப் பார்த்ததும் எனக்கு பாதி அலைச்சல் போயிடுச்சு.

அஞ்சாவது நடை ரிவிஷன் சியோட. கவுன்டர்லயே திருப்பிட்டாங்க, இந்தத் தடவை நியாயமான காரணம். எங்க ஷீட் சி, ஸ்ட்ரக்சரல் ஷீட் பி. தூண் எங்க டிராயிங்ல ஒரு இடம், இன்ஜினியரோடதுல 30 செ.மீ. தள்ளி. நான் அவருக்கு புது ஃபைலை அனுப்பினேன், தூணை நகர்த்தினதை போன்ல சொல்லல, அவரும் சுவர் மட்டும்தான் மாறுச்சுன்னு எடுத்துக்கிட்டார். அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. 1981 ஜூலையில கன்சாஸ் சிட்டி ஹயாட் ரீஜன்ஸி ஹோட்டல்ல நடைபாலம் விழுந்து 114 பேர் செத்தாங்க. ரெண்டு பாலத்தையும் ஒரே நீளக் கம்பியில தொங்கவிடறதா இருந்ததை ரெண்டு ரெண்டு கம்பியா மாத்தினாங்க, அதுல மேல் பாலத்தோட இணைப்புக்கு சுமை இரட்டிப்பாச்சு, அந்த மாத்தத்தை யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கல. இதை நான் ஒவ்வொரு வருஷமும் கிளாஸ்ல சொல்றேன். எங்களுது சின்னக் கட்டடம்தான், ஆனா உள்ள உட்காரப் போறது குழந்தைங்க. அந்த கவுன்டர்ல இருந்தவர் ரெண்டு ஷீட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தாரே, அதுக்கு அவருக்கு மனசார நன்றி சொன்னேன்.

இன்ஜினியர் புதுசா கணக்குப் போட்டார், ஒரு பீம் ஆழம் கூடிச்சு, எல்லா ஷீட்டையும் ஒண்ணா ரிவிஷன் டி-ன்னு மாத்தினோம். இனிமே ஒரு ஷீட் மாறினாலும் மொத்த செட்டும் புது எழுத்துல போகும், என்ன மாறுச்சுன்னு மேகம் மாதிரி வளைச்சுக் காட்டி, போன்லயும் சொல்லிட்டுதான் அனுப்பறது. சின்ன ஆபீஸ்ல எல்லாருக்கும் எல்லாம் தெரியும்னு ஒரு நினைப்பு வந்துடும், வெளியில இருக்கிற கன்சல்டன்ட்டுக்குத் தெரியாது.

ஆறாவது நடையில இருபது நிமிஷம்கூட ஆகல. ஸ்கேல் வச்சிருந்தவரே 100 மி.மீ. கோட்டைப் பார்த்தார், ஒண்ணும் சொல்லாம ஸ்கேலை எடுத்து அது மேல வச்சுப் பார்த்துட்டு சீலைப் போட்டார்.

வர்ற திங்கக்கிழமை தரையில கட்டடத்தைக் குறிக்கிற மார்க்கிங். அதே பசங்க வராங்க, முதல்ல குறுக்களவு எடுத்துட்டுதான் கயிறு கட்டணும்னு அவங்களே பேசி வச்சிருக்காங்க.